நாரத்தை மரத்துக்கு ஒரு ஜாமீன்

மன்னூபியா கையால் நட்டது எதுவும் பட்டுப்போகாது என்று நாபுல் நகரத்துக் குயவர் தெருவில் நெடுநாளாக ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மன்னூபியாதான். "பட்டுப்போனதையெல்லாம் விடியிறதுக்கு முன்னாடியே பிடுங்கி எறிஞ்சிடுறேன்ல. மிஞ்சினதைத்தானே நீங்க பாக்குறீங்க? நான் கொன்ன செடியையெல்லாம் வரிசையா வச்சா பக்கத்து ஊரு ஹம்மாமெத் வரைக்கும் ஒரு தோப்பு நிக்கும்" என்பார். கேட்டவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரோ உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகராட்சிப் பதிவேட்டின்படி அவர் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, ஜனவரி முதல் நாள். தேதி நினைவில்லாத பிள்ளைகளை எல்லாம் அக்காலத்து எழுத்தர் ஜனவரி முதல் நாளில்தான் பிறக்க வைத்தார். மன்னூபியாவின் தாய் சொன்ன கணக்கு வேறு: மொட்டை மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த பருவத்தில் பிள்ளை பிறந்தது, அந்தக் காரம்தான் அதன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டு கணக்குகளில் எது சரி என்ற வழக்கை மன்னூபியா தீர்த்துவைக்கவே இல்லை. மருத்துவமனை வரிசையில் வயதைக் கூட்டியும் கல்யாண வீடுகளில் குறைத்தும் சொல்லிக்கொள்ள அது அவருக்கு வசதியாக இருந்தது.

பத்தொன்பதாம் வயதில் அவரைக் குயவர் தாஹருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சீர்வரிசையில் செம்புப் பாத்திரங்களும் கம்பளிகளும் போயின. மணப்பெண் மட்டும் தன் மருதாணிக் கைக்குள் ஈரத்துணி சுற்றிய ஒரு வாசனை ஜெரேனியக் கொம்பை யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொண்டு போனார். தாய்வீட்டிலிருந்து அவர் உண்மையில் கொண்டுபோக விரும்பியது அது ஒன்றைத்தான். புகுந்த வீட்டு முற்றத்தில் முதல் வேலையாக அதை நட்டார். காலையில் தண்ணீர், நண்பகலில் தண்ணீர், மாலையில் தண்ணீர். ஒரு வாரத்தில் கொம்பு அழுகி நாற்றம் வீசியது. பிற்காலத்தில் அதைப் பற்றிப் பேசும்போது, "அந்தக் கல்யாணத்துல மொதல்ல செத்தது அந்தச் செடி. ரெண்டாவது செத்தது, மருமக வீட்டு வேலை தெரிஞ்சவன்னு மாமியார் வச்சிருந்த நம்பிக்கை" என்பார்.

தாஹர் இந்த மோகத்தைத் தடுக்கவில்லை. சூளையில் விரிசல் விட்ட பானைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த மனிதருக்கு, அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு மனைவி வாய்த்தது ஆதாயமாகவே பட்டது. முற்றம் முழுவதும் விரிசல் பானைகள். துளசியைப் போல மணக்கும் ஹபக், லவெண்டர், மாதுளங்கன்று, மல்லிகை. மல்லிகையை நட்ட பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை பிடுங்கிப் பார்த்துத் திரும்ப நட்டுவிடுவது மன்னூபியாவின் பழக்கம்.

"வேர் பிடிச்சிருக்கான்னு பாக்க வேணாமா?" என்று அவர் கேட்டார்.

"நான் சூளையைப் பாதியில திறந்து பானை வெந்துச்சான்னு பாக்குறேனா?" என்றார் தாஹர்.

"பானைக்கு உயிரில்ல. பயப்படாது."

"அந்த மல்லிகைக்கு உயிரிருக்கு. அதனாலதான் உன்னைப் பாத்தாலே பயப்படுது."

அந்தப் பயத்தையும் மீறி ஐந்தில் ஒன்று எப்படியோ பிழைத்துக்கொள்ளும். பிழைத்தவற்றைப் பார்த்த தெருப் பெண்கள் தங்கள் வாடிய தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு மன்னூபியாவிடம் வருவார்கள். "தண்ணியைக் குறைச்சு ஊத்து. எருவைத் தொடாதே. அதும்பாட்டுக்கு விடு" என்று அவர் சொல்லி அனுப்புவார். ஒருபோதும் தான் கடைப்பிடிக்காததை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டோம் என்று, அவர்கள் தெரு முனை திரும்பியதும், அவருக்கே சிரிப்பு வரும்.

இந்தக் கதை அந்தத் தொட்டிகளைப் பற்றியதன்று. முற்றத்தின் கிழக்கு ஓரத்தில் நின்ற நாரத்தை மரத்தைப் பற்றியது.

அந்த மரத்தைத் தாஹரின் தந்தை, தன் மகள் ஹல்லூமா பிறந்த ஆண்டில் நட்டார். அவர் இறந்தபின் வீடு அண்ணனுக்கும் தங்கைக்குமாகப் பாகம் பிரிக்கப்பட்டு, முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. மரம் அண்ணன் பக்கம் விழுந்தது. அதன் நிழலில் பாதி தங்கையின் கூரைமேல் விழுந்தது. இதில் யாருக்கும் மனக்குறை இல்லை. வசந்தத்தில் மரத்தடியில் வெள்ளைத்துணி விரித்து, மன்னூபியாவும் நாத்தனார் ஹல்லூமாவும் சேர்ந்தே பூப் பறிப்பார்கள். வடிகலமான செம்பு வாலையில் பூவைப் போட்டு, மூடியின் இடுக்கை மாவு பூசி அடைத்து, சிறு தீயில் பூநீர் வடிப்பார்கள். தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குப்பி போகும். குழந்தையின் காய்ச்சலுக்கும் விருந்தாளியின் காபிக்கும் பெருநாள் பலகாரத்துக்கும் ஆண்டு முழுவதும் அந்தக் குப்பிதான். 'மன்னூபியாவின் கைராசி' என்று தெரு சொன்னது அந்தக் குப்பியை வைத்துத்தான். கொன்ற செடிகளின் கணக்கை எல்லாம் ஈடுகட்டியது அந்த ஒரே மரம்.

தாஹர் உயிரோடு இருந்தவரை மனைவியை அந்த மரத்தின்மீது கைவைக்க விட்டதில்லை. "அது எங்க அப்பா மரம். உன் பாசத்தையெல்லாம் தொட்டியோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவைத்திருந்தார். அவர் இறந்த பிறகு தடுக்க ஆளில்லை. தனிமையும் நிறைய நேரமும் கையில் ஒரு குழாயும் கிடைத்த மன்னூபியா, கணவருக்குச் செய்ய முடியாமல் போன பணிவிடைகளை எல்லாம் மரத்துக்குச் செய்யத் தொடங்கினார்.

சில ஆண்டுகள் மரம் தாக்குப்பிடித்தது. ஒரு வசந்தத்தில் என்றுமில்லாதபடி பூத்தும் தொலைத்தது. அன்று உள்ளே வந்த ஹல்லூமா அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா! இந்த வருஷம் ரெண்டு வாலை வைக்கணும் போலயே மதினி!" என்றார். வியந்தவர், கண்ணேறு படாமலிருக்கச் சொல்லும் 'மாஷா அல்லாஹ்'வை வியந்த வாயால் சொல்லவில்லை. அதை மன்னூபியா கவனித்துக்கொண்டார். அந்தப் பூரிப்பில் அவரே ஒரு வண்டிக் குதிரைச் சாணத்தை வரவழைத்து வேரில் கொட்டியதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு மரம் இலையாகத் தழைத்தது; பூ பாதிக்குப் பாதி.

"உன் கண்ணுதான்" என்றார் மன்னூபியா.

"என் வயசு மரத்துக்கு நான் கண்ணு வைப்பேனா?" என்றார் ஹல்லூமா.

இரண்டு பேருக்கும் அதற்குமேல் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. ஏழு ஆண்டுகள், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒருவர் இருமுவது மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில், பேச்சில்லாமல் இருந்தார்கள். அவற்றில் கடைசி மூன்று வசந்தங்களில் மரம் ஒரு பூவும் பூக்கவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளும் தெருவுக்குக் குப்பிகள் தவறாமல் போயின என்பதையும் சொல்ல வேண்டும். மன்னூபியா வெள்ளிக்கிழமைச் சந்தையில், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பூநீர் வாங்கினார். வீட்டுக்கு வந்து தன் பழைய குப்பிகளில் ஊற்றி மூடினார். "இந்த வருஷம் மணம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கே" என்று யாராவது சொன்னால், "மழை சரியில்ல" என்பார். எண்பதை நெருங்கிய வயதில் கள்ளச்சரக்குக் கைமாற்றும் தொழிலில் இறங்கிவிட்டோம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டே குப்பிகளைத் துடைத்து அடுக்குவார்.

மகன் ரிதா ஹோட்டல்களுக்குப் பானை சட்டி ஏற்றிப்போகும் ஒரு வேன் வைத்திருந்தான். தெருவில் நிறுத்தியதில் அதன் கண்ணாடி இரண்டு முறை உடைந்துவிட்டது. ஒருநாள் அவன் மரத்தடியில் நின்று, கைகளை விரித்து அகலம் பார்த்தான்.

"அம்மா, பூக்கிற மரம்னா நான் வாயத் திறக்க மாட்டேன். மூணு வருஷமா இது இலையைத்தான் கொட்டுது. இந்த வசந்தத்துலயும் பூ இல்லைன்னா வெட்டிட்டு வேனுக்குக் கூரை போட்டுடுவேன்."

"பூக்கும்டா."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னே."

"போன வருஷம் பொய் சொன்னேன். இந்த வருஷம் நம்பிக்கையா சொல்றேன்."

மறுநாள் முற்றத்தில் சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கின. வெட்டப்போவது மாமனார் வைத்த மரம். கடைசிக் கோடையில் தாஹர் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த நிழல். அதைவிட, மன்னூபியா என்ற பெயருக்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே சாட்சி. அது போய்விட்டால் எஞ்சுவது விரிசல் பானைகளும் அழுகிய வேர்களும்தான்.

பூக்க மறுக்கும் மரத்தை மிரட்டுவது அந்தத் தெருவின் பழைய வழக்கம். ஜனவரிப் பின்பாதியில், உழவர்கள் கரிய இரவுகள் என்று பெயரிட்ட குளிர் நாட்களில் அது நடக்கும். வீட்டைச் சேராத ஒருவர் கோடாரியோடு வந்து, ஒன்றுக்கும் உதவாத மரத்தை வெட்டப்போவதாக உரக்கச் சொல்லி அடிக்க வேண்டும். இன்னொருவர் ஓடிவந்து தடுத்து, 'அடுத்த பருவத்தில் பூக்கும், நான் ஜாமீன்' என்று அடிமரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். பயந்துபோன மரம் ஜாமீன் நின்றவரின் மானத்தைக் காப்பாற்றும். இதற்கு விதிகள் உண்டு. மரத்துக்கு உரியவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வாய் திறந்தால் எல்லாம் நாடகம் என்று மரத்துக்குத் தெரிந்துவிடும். ஜாமீன் நிற்பவர் மரத்தின் நிழல் விழும் வீட்டாராக இருக்க வேண்டும். ஜாமீன் வராமல் கோடாரியைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் அந்த மரத்துக்குப் பிறகு எதன்மேலும் பயமிராது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும்.

முந்தைய இரண்டு ஆண்டுகளும் மன்னூபியா இந்தச் சடங்கை நடத்திப் பார்த்திருந்தார். தெருக்கோடிக் கறிக்கடைக்காரர் ஜல்லூல் கோடாரி எடுத்தார். அவர் மனைவி ஜாமீன் நின்றார். ஜல்லூல் வீட்டின்மேல் எந்த மரத்தின் நிழலும் விழுவதில்லை. மரம் ஏமாறவில்லை. நிழல் விழும் வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது சுவருக்கு அப்பால் இருந்தது.

கேட்டால் வருவாளா என்பது ஒருபுறமிருக்க, கேட்பதற்கு நாக்கு எழ வேண்டுமே. மன்னூபியா வேறொரு வழி கண்டுபிடித்தார். கோடாரிச் சத்தம் சுவரைத் தாண்டும். தன்னோடு பிறந்த மரத்தை வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் ஹல்லூமா தானாகவே ஓடிவருவார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தின் நுட்பத்தை நினைத்து அவர் இரண்டு நாள் மிகவும் பெருமைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஜல்லூல் வந்தார். ஆடறுக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்ளும் இளகிய மனத்துக்காரர். உருவம் மட்டும் கதவை அடைத்து நிற்கும். ரிதா காபிக் கிண்ணத்தோடு வாசற்படியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். மன்னூபியா போய்ச் சுவரைப் பார்த்து நின்றார், வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ஏய் மரமே!" என்று ஜல்லூல் இரைந்தார். "மூணு வருஷமா தின்னுட்டுத் தூங்குறே! இன்னிக்கு உன்னை விறகாக்காம விட மாட்டேன்!"

கோடாரியின் பின்பக்கத்தால் ஓர் அடி. இலைகள் சிலிர்த்தன. சுவருக்கு அப்பால் ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது அடி. ரேடியோவின் சத்தம் கூடியது.

ஜல்லூல் கோடாரியை ஓங்கியபடியே குரலைத் தாழ்த்தினார். "லெல்லா, ஹல்லூமா அக்கா ரேடியோவைக் கூட்டி வச்சிட்டாங்க. வர்ற மாதிரி தெரியல. நான் என்ன பண்றது?"

லெல்லா என்று தெரு முழுவதும் மரியாதையாக அழைக்கும் அந்த அம்மையார், சுவரைப் பார்த்தபடியே, முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டி 'இன்னொன்று' என்று காட்டினார்.

மூன்றாவது அடி. இந்த முறை ஜல்லூலின் பிடி நழுவிக் கோடாரி திரும்பிவிட்டது. கூரிய பக்கம் மரத்தில் இறங்கி, ஒரு சில்லு தெறித்து மன்னூபியாவின் காலருகே விழுந்தது. பச்சை மரத்தின் ஈர மணம் எழுந்தது.

"மாமா, விதி விதிதானே?" என்றான் ரிதா, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு. "ஜாமீன் வரலைன்னா கோடாரியை இறக்கக் கூடாது. தொடங்கினது தொடங்கிட்டீங்க. வெட்டிடுங்க, சிமெண்டும் தயாரா இருக்கு."

"உங்க அம்மா உத்தரவு இல்லாம எப்படிப்பா?"

"அம்மா பேசக் கூடாதே. பேசினா மரத்துக்குத் தெரிஞ்சு போயிடும்."

எண்பது வயதுப் பெண்மணி ஒருவர், தண்டனை பெற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தானே வரவழைத்த கறிக்கடைக்காரரைக் கொண்டு தன் ஒரே மரத்தைத் தானே வெட்டச் செய்துகொண்டிருக்கிறார் என்பது மன்னூபியாவுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. பக்கத்தில் ஒரு விரிசல் பானையில் ஒரு லவெண்டர் இருந்தது. அவரே தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த செடி. விதி வாயைத்தான் தடுத்தது, கையைத் தடுக்கவில்லை. அவர் பானையை இரண்டு கையாலும் தூக்கிச் சுவருக்கு மேலே வீசினார்.

அந்தப் பக்கம் பானை உடைந்தது. கோழிகள் அலறின. ரேடியோ நின்றது.

"யாருடா அது?" என்றது ஹல்லூமாவின் குரல். சற்று நேரம் மண்ணைக் கிளறும் சத்தம். பிறகு: "லவெண்டரா? வேரு அழுகியிருக்கா? அப்ப மதினிதான்! செடியை ஊத்திக் கொல்றது பத்தாதுன்னு எறிஞ்சு கொல்லவும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஹல்லூமா அக்கா!" என்று ஜல்லூல் கதறினார். "லெல்லா பேசக் கூடாது. கோடாரி என் கையில நிக்குது, தோள் கழண்டு போகுது. ஜாமீன் நிக்க வாங்க!"

"நானா? கண்ணு வச்சவ எப்படிப்பா ஜாமீன் நிப்பா? யாரு கண்ணு பட்டு மரம் பூக்காமப் போச்சுன்னு அவங்களையே கேளு."

ஜல்லூல் திரும்பினார். "கேக்குறாங்க லெல்லா."

மன்னூபியா தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"இல்லைன்னு ஆட்டுறாங்க அக்கா. நீங்க கண்ணு வைக்கலையாம்."

"எவ்வளவு வேகமா ஆட்டுறாங்க?"

"கழுத்து சுளுக்கிக்கும் போல இருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஆட்டட்டும். முக்காட்டைத் தேடிக்கிட்டு வர்றேன்."

ஹல்லூமா தெருவைச் சுற்றிக்கொண்டு கைத்தடியோடு வந்துசேர்ந்தார். அந்த நேரமெல்லாம் ஜல்லூல் கோடாரியைத் தலைக்குமேல் பிடித்தபடியும் மன்னூபியா தலையை ஆட்டியபடியும் நின்றார்கள். வந்தவர் மரத்தின் காயத்தைப் பார்த்தார், சிமெண்டு மூட்டைகளைப் பார்த்தார், அண்ணியின் முதுகைப் பார்த்தார்.

"ஜாமீன் நிக்கிறேன். ஆனா பழைய விதிப்படி. ஜாமீன் நின்னவங்க பொறுப்புலதான் மரம் ஒரு வருஷம் இருக்கும். வேற யாரும் தண்ணி ஊத்தக் கூடாது, எரு வைக்கக் கூடாது, தொடக் கூடாது. அப்படித்தானே ஜல்லூல்?"

"எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார் ஜல்லூல். தோள்வலியில் அவர் எதையும் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தார்.

"அத்தை, இதெல்லாம் எந்தக் காலம்? என் வேனுக்கு இடம்…" என்று ரிதா தொடங்கினான்.

"உன் வேனுக்கு என் கோழிக்கூண்டுப் பக்கம் இடம் இருக்கு. சேவல்கிட்ட கேட்டுட்டு நிறுத்திக்கோ. மதினி, சம்மதமா?"

மன்னூபியாவின் தலை உடனே அசையவில்லை. ஓராண்டு தொடாமல் இருப்பது என்றால், அதற்குக் கோடாரியே மேல் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மெல்ல மேலும் கீழும் அசைந்தது.

ஹல்லூமா கைத்தடியைப் போட்டுவிட்டு அடிமரத்தைக் கட்டிக்கொண்டார். "விடு ஜல்லூல். அடுத்த பருவத்துல பூக்கும். இதுக்கு நான் ஜாமீன்."

கோடாரி தரையில் விழுந்தது. ஜல்லூல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மன்னூபியா சுவரிலிருந்து திரும்பினார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் நாத்தனாரிடம் பேசும் முதல் வார்த்தை எப்படி இருக்க வேண்டும் என்று அவர் பல முறை யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"காபிக்குச் சக்கரை போடவா?"

"போடுங்க. பூநீர் மட்டும் வேணாம். சந்தைச் சரக்கு எனக்கு ஆகாது. மூணு வருஷமா ஜல்லூல் வீட்டுல குடிச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

அடுத்த பருவம் என்பது அந்த வசந்தமன்று, அதற்கு அடுத்ததுதான் என்று ஹல்லூமா விளக்கம் கொடுத்தார். இப்போது மிரட்டினால் மரம் யோசித்து முடிவெடுக்க ஓராண்டு வேண்டாமா என்று ரிதாவிடம் கேட்டார். அவன் சிமெண்டை ஒரு தார்ப்பாயால் மூடிவைத்தான்.

அந்த ஓராண்டுதான் தன் வாழ்க்கையிலேயே நீளமான ஆண்டு என்று மன்னூபியா சொல்வார். ஹல்லூமாவுக்குத் தோட்டத்தில் அக்கறையே கிடையாது. தண்ணீர் ஊற்றுவதை அவர் மறந்தார். நினைவு வந்தபோதும் சோம்பலில் விட்டுவிட்டார். கோடையில் மரத்தின் இலைகள் சுருண்டன. மன்னூபியா சன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாயைப் போலப் புலம்பினார். ஒருநாள் கீரை அலசிய நீரை எடுத்துக்கொண்டு போகிறவர்போல மரத்தருகே போய், கால் இடறிய பாவனையில் முழுவதையும் வேரில் கொட்டினார். நிமிர்ந்தால் வாசலில் ஹல்லூமா.

"வழுக்கிருச்சு" என்றார் மன்னூபியா.

"காய்ஞ்ச தரையிலயா?"

"வயசாயிடுச்சுல்ல."

"நேத்து ஜல்லூல் பேத்தி கல்யாணத்துல அறுபத்தெட்டுன்னு சொன்னீங்களாமே?"

அன்றிலிருந்து ஹல்லூமா தினமும் பிற்பகலில் வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மரத்தை அதன் உடைமைக்காரரிடமிருந்து காப்பதே ஜாமீனின் முதல் கடமை என்றார். காவலுக்கு வந்தவருக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது. காபி கொடுத்தால் பேசாமல் இருக்க முடியாது. பேசினால் சண்டை போடாமல் இருக்க முடியாது. ஒரு நாள் ஹல்லூமா காய்ச்சலில் வராமல் போனபோது மன்னூபியா கஞ்சி எடுத்துக்கொண்டு போனார். காவல் இல்லாத அந்த நாளில் மரத்துக்கு ஒரு குடம் ஊற்ற மறந்துவிட்டோமே என்பது மறுநாள்தான் அவருக்கு உறைத்தது. 'களவுக்கும் இனி லாயக்கில்லை' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

குளிர்காலத்தில் மரம் பாதி இலையை உதிர்த்துவிட்டது. ரிதா தார்ப்பாயை விலக்கிச் சிமெண்டு கெட்டிப்படவில்லையா என்று பார்த்தான். மன்னூபியாவுக்கே நம்பிக்கை போயிருந்தது.

மார்ச் மாத இறுதியில் ஒரு காலை அவர் கதவைத் திறந்தபோது முற்றத்தில் அந்த மணம் நின்றது. மேலே பார்த்தார். இலையை விடப் பூ அதிகமாக இருந்தது. இலை குறைந்ததே பூவுக்கு இடம் விடத்தான் என்பதுபோல, கிளை நுனிவரை மொட்டு வெடித்திருந்தது. அவர் அப்படியே கீழே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். ரிதா பயந்துபோய் ஓடிவந்தான்.

"என்னம்மா?"

"அறுபது வருஷமா நான்தான் செடி வளக்குறேன்னு நினைச்சேன்டா. அதுங்கதான் என்னைப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கு. உங்க அப்பாவுக்கு இது தெரியும். சொன்னா அழுவேன்னு 'அது எங்க அப்பா மரம்'னு சாக்குச் சொல்லிட்டாரு மனுஷன்!"

ரிதா அண்ணாந்து பார்த்தான். பிறகு போய்ச் சிமெண்டு மூட்டைகளை வேனில் ஏற்றினான்.

தெரு முழுவதும் பூப் பறிக்க வந்தது. மன்னூபியா வந்தவர்களிடம் எல்லாம் தன் தோட்டக்கலையைப் பற்றிய உண்மையைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. "எவ்வளவு அடக்கம் பாரு" என்று ஜல்லூலின் மனைவி சொன்னபோது, மன்னூபியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அடக்கம் இல்லடி, வாக்குமூலம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

வாலையிலிருந்து முதல் துளி விழத் தொடங்கியது. ஹல்லூமா அதை நாக்கில் விட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

"என் ஜாமீன் முடிஞ்சுது மதினி. மரத்தை ஒப்படைச்சிட்டேன். நாளையிலேர்ந்து மரம் உங்க பாடு. எனக்கும் மத்தியானத் தூக்கம் கெட்டு ஒரு வருஷமாச்சு."

மன்னூபியாவின் முகத்திலிருந்த சிரிப்பு போனது. அவர் தீயைக் குறைத்தார். குறைத்த தீயை மறுபடி கூட்டினார். பிறகு, பறித்த பூவை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜல்லூலைக் கூப்பிட்டார்.

"ஜல்லூல், ஜனவரியில கோடாரியைத் தீட்டி எடுத்துட்டு வா."

"எதுக்கு லெல்லா? மரம்தான் பூத்துக் குலுங்குதே!"

"குலுங்குதுல்ல? தலைக்கனம் ஏறியிருக்கும். மிரட்டணும். ஜாமீனும் வேணும். அதுவரைக்கும் பழைய ஜாமீனே இருக்கட்டும். என்னை நம்பி மரத்தை விட்டுட்டுப் போக உனக்கு மனசு வருமா ஹல்லூமா?"

ஹல்லூமா வாலையின் அடியில் குப்பியைச் சரியாக நகர்த்தி வைத்தார்.

"மூணாவது அடி வரைக்கும் நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

பூத்துக் குலுங்கும் மரத்தைக் கோடாரியால் மிரட்டும் வீடு என்று அந்த வீட்டை ஊரே கேலி செய்தது. ஐந்து ஜனவரிகள் அது நடந்தது. ஹல்லூமா ஒரு முறைகூட மூன்றாவது அடிவரை பொறுத்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் மன்னூபியா வாயை மூடிச் சுவரைப் பார்த்து நின்றார். தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருக்கும்.

ஆறாவது ஜனவரிக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மன்னூபியா இறந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவருடைய கைராசியைப் பற்றிப் பேசினார்கள். ஹல்லூமா மறுத்துப் பேசவில்லை. வழக்கமான நாளில் ஜல்லூல் கோடாரியோடு வந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலில் தயங்கி நின்றார். ரிதா போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். கோடாரி உயரவே இல்லை. அதற்குள் ஹல்லூமா முற்றத்துக்குள் வந்து மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போ ஜல்லூல்" என்றார். "இந்த மரத்துக்கு ஆபத்தா இருந்த ஒரே ஆளும் போயாச்சு."

சொல்லிவிட்டு, நாற்காலியைக் கொண்டுவரும்படி ரிதாவிடம் சைகை காட்டினார்.